போர்ஷே 944 பிரேக்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது, அப்புறம் பாகம் தேடுவது

போர்ஷே 944 கார் 1982 முதல் 1991 வரை விற்பனையில் இருந்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வந்தன. அதில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குப் போயின. அதனால் வண்டி இன்றும் வாங்கக் கிடைக்கிறது. பிரேக் வேலை என்று இறங்கும்போதுதான் "அந்தப் பாகம் இப்போது வருவதில்லை" என்ற பதில் வரும்.

ஆனால் கிடைக்காத பாகமும் கெட்டுப்போன பாகமும் பெரும்பாலும் ஒன்றல்ல. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை பேட் எனும் உராய்வுக் கட்டைகளால் கவ்வும் காலிப்பருக்காக மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பவரின் வண்டியில் உண்மையில் கெட்டிருப்பது ஒரு ரப்பர் ஹோஸாக இருக்கும், இல்லை ஒரு தகடாக இருக்கும். எது கெட்டது என்று உறுதியாகத் தெரிவதற்கு முன் எதையும் ஆர்டர் செய்யாதீர்கள்.

வேலை தொடங்கும்போது வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கை விடக் கூடாது. சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது நட்டுகளுக்கு 130 நியூட்டன் மீட்டர்.

உங்கள் வண்டியில் எந்த பிரேக்?

சாதாரண 944-ல் ஒற்றை பிஸ்டன் கொண்ட நகரும் காலிப்பர். டிஸ்க் முன்னால் 282 மில்லிமீட்டர், பின்னால் 289. 1986 மாடல் டர்போவிலும், 1989-ல் வந்த எஸ்2-விலும் பிரெம்போ செய்த நான்கு பிஸ்டன் அலுமினியக் காலிப்பர். டிஸ்க் 298, 299. 1988-ன் டர்போ எஸ் என்றால் முன் டிஸ்க் 304. நாற்பது வருடத்தில் எத்தனையோ கை மாறிய வண்டி இது. முன்பிருந்தவர் டர்போ பிரேக்கைச் சாதாரண வண்டியில் ஏற்றியிருக்கலாம். பதிவுப் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், சக்கரத்தைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள்.

பெடல் பஞ்சு போல அமுங்குகிறது

இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் பெடல் மேலே வந்து கெட்டியாகிறதா? வந்தால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது பேட் டிஸ்க்கை விட்டு அதிகம் விலகிப் போகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. நேரான நல்ல ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மிதியுங்கள். பிறகு வளைவுகளில் சற்று வேகமாகப் போய்வந்து மிதியுங்கள். நேர் ரோட்டில் நன்றாக இருந்து, வளைவுக்குப் பின் முதல் மிதி மட்டும் ஆழமாகப் போனால் காற்றைச் சந்தேகிக்க வேண்டாம். முன் சக்கர பேரிங் லூஸாக இருக்கிறது. டிஸ்க் ஆடி ஆடி பேடைப் பின்னால் தள்ளுகிறது.

944-ல் இது அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. முன் டிஸ்க் ஹப்பின் பின்புறத்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். டிஸ்க் மாற்ற வேண்டுமென்றால் ஹப்பையே கழற்ற வேண்டும், பேரிங்கைத் திரும்ப செட் செய்ய வேண்டும். டிஸ்க் மாற்றியவர் அவசரக்காரராக இருந்தால் பேரிங் ஆட்டத்துடன் விடப்பட்டிருக்கும். சரியான நிலையைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். நட்டுக்குப் பின்னால் ஒரு தடித்த வாஷர் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியை அதன் ஓரத்தில் வைத்து விரல் பலத்தில் தள்ளினால் அது சிரமமில்லாமல் லேசாக நகர வேண்டும். நெம்பினால்தான் நகருகிறது என்றால் இறுக்கம் அதிகம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது 'டக்' என்று கேட்டால் இறுக்கம் போதாது.

பிரச்சினை காற்றுதான் என்றால் ஏர் எடுங்கள், அதாவது சிக்கிய காற்றை ஆயிலோடு வெளியேற்றுங்கள். பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரம் முதலில். இடது பக்க ஸ்டீயரிங் வண்டியில் வலது பின், இடது பின், வலது முன், இடது முன் என்று வரிசை. நான்கு பிஸ்டன் காலிப்பரில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிப்பிள் (காற்றை வெளியேவிடும் சின்னத் திருகு) உண்டு. இரண்டிலும் எடுக்க வேண்டும். அப்படியும் காற்று போகவே மாட்டேன் என்றால் நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இடமும் வலமும் மாறி மாட்டிய காலிப்பரில் நிப்பிள் கீழே வந்துவிடும். மேலே தங்கிய காற்றை எத்தனை லிட்டர் ஆயில் விட்டாலும் வெளியேற்ற முடியாது. பிரஷர் பாட்டில் வைத்து எடுப்பவர்கள் ஒரு பார் அழுத்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய பிளாஸ்டிக் டேங்க், அதற்கு மேல் தாங்காது.

காற்றும் இல்லை, பேரிங்கும் சரி என்றால், ஒருவரைப் பெடலை அழுத்தச் சொல்லிவிட்டு ரப்பர் ஹோஸைக் கையில் பிடித்துப் பாருங்கள். உப்புவது விரலுக்குத் தெரியும்.

பெடல் மெதுவாகத் தரைக்கு இறங்குகிறது

எஞ்சின் ஓடும்போது பெடலை லேசாக, ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். அப்படியே கீழே இறங்கிக்கொண்டே போனால், வெளியே எங்கும் கசிவு இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள்சீல் போய்விட்டது. ஆயில் அளவும் குறைகிறது, தரையிலோ சக்கரத்திலோ ஈரம் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரிலிருந்து (வெற்றிடத்தால் காலின் பலத்தைக் கூட்டும் பாகம்) கொஞ்சம் விலக்கி இடையில் பாருங்கள். அங்கே நனைந்திருந்தால் ஆயில் பூஸ்டருக்குள் போகிறது. இதைத் தள்ளிப்போடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர் எளிதில் கிடைக்கும். ஆயிலில் ஊறி உள்ளே உள்ள ரப்பர்ச் சவ்வு (டயாஃப்ராம்) கெட்ட பூஸ்டருக்கு மாற்று தேடுவது அவ்வளவு எளிதல்ல.

சில வண்டிகளில் ஏர் எடுத்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போகும். தற்செயல் இல்லை. தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் முழு நீளம் போவதில்லை. போகாத பகுதியில் பல வருடமாகத் துரு சேர்ந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் சீல் அந்தத் துருவில் ஏறிக் கிழிகிறது. பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்து, பாதி ஆழத்துக்கு மேல் போகவிடாமல் வேலை பாருங்கள்.

இன்னொரு விஷயம். 944-ல் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டேங்க். ஆயில் குறைகிறது, நான்கு சக்கரமும் காய்ந்திருக்கிறது என்றால் பிரேக்கைப் பிரிப்பதற்கு முன் கிளட்சைப் பாருங்கள். கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் கசிந்தால் ஆயில் பெடலின் தண்டு வழியாக உள்ளே இறங்கிக் கார்ப்பெட்டை நனைக்கும். கிளட்ச் பெடல் கீழேயே ஒட்டிக்கொண்டால் சந்தேகமே வேண்டாம்.

பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி நிற்பதில்லை

எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை மிதித்து பூஸ்டரில் உள்ள வெற்றிடத்தைக் காலி செய்யுங்கள். காலைப் பெடலிலேயே வைத்தபடி எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. அசையவே இல்லையென்றால் முதலில் ஹோஸ், அடுத்து ஒருவழி வால்வு, கடைசியாகத்தான் பூஸ்டர். வால்வைக் கழற்றி வாயால் ஊதலாம்: ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் அடைக்க வேண்டும். டர்போ வண்டியில் இந்தச் சின்ன வால்வுக்குப் பொறுப்பு கூடுதல். டர்போவின் காற்றழுத்தம் (பூஸ்ட்) ஏறும்போது, எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் உறிஞ்சலுக்குப் பதில் தள்ளல் இருக்கும்; அது பூஸ்டருக்குள் போகாமல் தடுப்பது இதுதான். மிதிக்கும்போது காலடியில் 'உஸ்' என்று காற்றுச் சத்தம் தொடர்ந்து கேட்டால் டயாஃப்ராம் கிழிந்திருக்கிறது.

ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறது

944-காரர்கள் அதிகம் பணம் வீணாக்குவது இந்த அறிகுறியில்தான். கொஞ்ச தூரம் ஓட்டி, கடைசியில் பிரேக் அதிகம் போடாமல் நிறுத்துங்கள். ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று தெளிவாக அதிகமென்றால் அந்தச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள்.

சுற்ற மறுத்தால் இந்த வரிசையில் போங்கள். முதலில், இரும்புக் குழாய் ரப்பர் ஹோஸில் சேரும் இணைப்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீறி சக்கரம் விட்டுவிட்டால் அழுத்தம் மேலிருந்து வருகிறது: மாஸ்டர் சிலிண்டர் முழுதாகத் திரும்பவில்லை, அல்லது பெடல் தண்டுக்கு இடைவெளி விடவில்லை. சக்கரம் விடவில்லையென்றால் இணைப்பை இறுக்கிவிட்டு காலிப்பர் நிப்பிளைத் திறங்கள். இப்போது விட்டுவிட்டால் இடையில் உள்ள ஹோஸ்தான் குற்றவாளி. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ரப்பர் வீங்கி அடைத்திருக்கும். காலின் பலத்தில் ஆயில் போகும், தானாகத் திரும்பி வராது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அசையவில்லை என்றால் ஹைட்ராலிக்கை மறந்துவிடுங்கள். ஏதோ ஒன்று இயந்திரரீதியாகப் பிடித்திருக்கிறது.

நகரும் காலிப்பர் வண்டியில் அது பெரும்பாலும் காலிப்பர் நகரும் பின்கள். உள் பேடும் வெளி பேடும் வேறு வேறு அளவு தேய்ந்திருந்தால் அதுவே சாட்சி. கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸைத் தடவுங்கள். சாதாரண கிரீஸ், பெட்ரோல், எஞ்சின் ஆயில் எதுவும் பிரேக் ரப்பர் பக்கமே வரக் கூடாது, ரப்பர் ஊதிவிடும்.

பிரெம்போ காலிப்பர் வண்டியில் வேறு கதை. காலிப்பர் அலுமினியம், பேடின் இரு முனையும் உட்கார்ந்து சறுக்கும் இடத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு சிறு திருகுகளால் பதிக்கப்பட்டிருக்கும். இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். குளிர்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவும் ஊர் என்றால் இன்னும் வேகமாக அரிக்கும். அரிப்பில் வரும் வெள்ளைப் பொடிக்கு இடம் அதிகம் தேவை. தகட்டை அது அடியிலிருந்து தூக்குகிறது. தகடு ஒரு மயிரிழை எழும்பினாலே பேட் இறுகிக்கொள்ளும். பிஸ்டன் பின்வாங்கும், பேட் வராது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பிடித்து வைக்கும் பின்னையும் ஸ்பிரிங்கையும் எடுத்த பிறகு பேட் கையாலேயே வெளியே வர வேண்டும். சுத்தியலும் நெம்புகோலும் தேவைப்பட்டால் தகடு எழும்பிவிட்டது. விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தகட்டின் நடுப்பகுதி உப்பியிருப்பதும், ஓரத்தில் வெள்ளையாகப் பொடி பிதுங்குவதும் தெரியும்.

சரிசெய்வது பொறுமையான வேலை. திருகுகள் அலுமினியத்தில் ஒட்டிப் போயிருக்கும். முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். மறுநாள் லேசாகச் சூடேற்றி, திருகின் தலையில் ஒரு தட்டு தட்டி, பிறகு திருப்புங்கள். ஒன்றிரண்டு தலை அறுந்தே தீரும், துளையிட்டு எடுக்க வேண்டிவரும். தகட்டுக்கு அடியில் உள்ள பொடி முழுவதையும் சுரண்டி, வெறும் அலுமினியம் தெரியும்வரை சுத்தம் செய்து, புதுத் திருகு போட்டு மாட்டுங்கள். காலிப்பருக்கு அழகாக பெயின்ட் அடித்திருக்கிறதே என்று மயங்க வேண்டாம். தகட்டைக் கழற்றாமல் மேலேயே பவுடர் கோட்டிங் செய்த காலிப்பர்கள் சந்தையில் நிறைய உண்டு. தகட்டுக்கு அடியில் அரிப்பு அப்படியே இருக்கும், மேலே கோட்டிங்கின் கனம் வேறு சேர்ந்திருக்கும்.

சிலர் தகட்டை விட்டுவிட்டு பேடின் முனைகளை அரம் போட்டுக் குறைப்பார்கள். நடுவழியில் வீடு வந்து சேர அது உதவும். அதற்கு மேல் நம்பாதீர்கள். அடியில் அரிப்பு நடந்துகொண்டேதான் இருக்கிறது.

பின் சக்கரம் சூடானால் ஹேண்ட் பிரேக்கையும் பாருங்கள். பின் டிஸ்க்கின் நடுக் குடத்துக்குள் ஒரு சின்ன டிரம் பிரேக் இருக்கிறது. டிஸ்க்கில் உள்ள துளை வழியாகப் பல்சக்கரத்தைத் திருப்பி அட்ஜஸ்ட் செய்வது. கேபிளை இழுத்து இறுக்கி ஹேண்ட் பிரேக்கைச் 'சரிசெய்த' வண்டிகளில் ஷூ எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது

எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் நன்றாக வேலை செய்கிறது. கோளாறு பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில். அங்கே பிஸ்டன் இறுகியிருக்கலாம், ஹோஸ் அடைத்திருக்கலாம், பேடில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கலாம். ஆயில் குடித்த பேடைக் கழுவியோ சுட்டோ காப்பாற்ற முயல வேண்டாம்.

வேகத்தில் பிரேக் போட்டால் ஸ்டீயரிங் உதறுகிறது

"டிஸ்க் வளைந்துவிட்டது" என்பதுதான் எல்லோரும் சொல்லும் தீர்ப்பு. டிஸ்க் உண்மையில் வளைவது அபூர்வம். பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாகப் படிந்து கனம் ஏறுக்குமாறாகியிருக்கும். மைக்ரோமீட்டரால் சுற்றிலும் சில இடங்களில் அளந்தால் தெரிந்துவிடும். டிஸ்க்கின் ஓரத்திலோ குடத்திலோ குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கை மாற்றுங்கள். அளவெல்லாம் சரியாக இருந்தும் உதறினால் முன் சஸ்பென்ஷனின் கீழ்க் கைகளில் உள்ள பின்புற ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். அது நைந்த 944-ல் புது டிஸ்க் போட்டாலும் உதறல் போகாது.

கீச்சு, ஏபிஎஸ் விளக்கு

பிரெம்போ காலிப்பரில் பேடின் முதுகுக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒட்டும் அதிர்வுத் தடுப்பான் உண்டு. பேட் மாற்றும்போது பழையதையே திரும்பப் போட்டால் கீச்சிடும். ஏபிஎஸ் 1987 முதல் வந்தது. விளக்கு எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், சக்கரம் பூட்டுவதை மட்டும் தடுக்காது. ஹைட்ராலிக் யூனிட்டைக் குறை சொல்வதற்கு முன் அதன் மூடிக்கு அடியில் உள்ள ரிலேக்களையும், சக்கர சென்சார்களின் ஒயரையும் பாருங்கள். உண்மையிலேயே கிடைப்பதற்கு அரிதான பாகம் அந்த யூனிட். தொடாமல் இருக்க முடிந்தால் தொடாதீர்கள்.

சரி, பாகத்தை எங்கே தேடுவது?

பாகத்தின் எண்ணிலிருந்து தொடங்குங்கள். போர்ஷே எண் மூன்று, மூன்று, மூன்று, இரண்டு இலக்கங்களாக இருக்கும். முதல் மூன்று, அந்தப் பாகம் எந்த வண்டிக்காக முதலில் வடிவமைக்கப்பட்டது என்று சொல்லும். 951 என்றால் 944 டர்போ, 928 என்றால் வி8 கார், 964 என்றால் அந்தக் கால 911. 477 என்று தொடங்கினால் அது 924-க்காக வந்தது. 924 முதலில் வோக்ஸ்வேகனுக்காகத் தொடங்கிய திட்டம், அதனால் ஆடி, வோக்ஸ்வேகன் பக்கமும் தேடலாம். அடுத்த மூன்று, இடம்: 351 முன் பிரேக், 352 பின் பிரேக், 355 மாஸ்டர் சிலிண்டரும் குழாய்களும். கடைசி இரண்டு திருத்தம். 00 கிடைக்கவில்லை என்றால் 01, 02 என்று அதன் வாரிசு இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் பழைய எண்ணை மட்டும் தட்டிப் பார்த்து "இல்லை" என்று சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது, பாகத்தின் மேல் வார்த்திருக்கும் பெயர். பிரேக்கை போர்ஷே தானே வார்க்கவில்லை. பிரெம்போ, ஆட்டே, பாஷ் போன்றவர்கள் செய்து கொடுத்தார்கள். காலிப்பர் சீல் வாங்க வண்டியின் பெயர் தேவையே இல்லை. பிஸ்டன் விட்டத்தையும் சீல் உட்காரும் பள்ளத்தையும் அளந்து சொன்னால் போதும். நான்கு பிஸ்டன் காலிப்பரில் இரண்டு விட்டம் இருக்கும், டிஸ்க் நுழையும் பக்கம் சிறியது; இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். 928, 964, 944-ன் வாரிசான 968 பட்டியல்களையும் புரட்டிப் பாருங்கள். அந்தக் குடும்பத்துக்கே உரிய தகடும் திருகும் தனியாக விற்கிறார்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்று தேடும்போது விட்டம் அதேதானா என்பதைக் கவனியுங்கள். பெரிய விட்டம் போட்டால் பெடல் கெட்டியாகும், ஆனால் அதே அளவு நிற்கக் காலில் கூடுதல் பலம் வேண்டும்.

வாங்கவே வேண்டாதவையும் உண்டு. ஹேண்ட் பிரேக் ஷூவின் இரும்புச் சட்டம் நன்றாக இருந்தால் புது லைனிங் ஒட்டித் தருவார்கள். அளவுக்கு வளைத்த இரும்புக் குழாய் வரவில்லை என்றால் செம்பு-நிக்கல் குழாயில் செய்துகொள்ளலாம். முனையில்தான் கவனம்: இந்த வண்டிகளில் 10 மில்லிமீட்டர் நட்டுக்கு அடியில் குழாய் முனை குமிழ் போல இருக்கும். அமெரிக்க வண்டிகளுக்குப் போடும் இரட்டை மடிப்பு முனையை இதில் இறுக்கினால் கசியும். இன்னும் இறுக்கினால் காலிப்பரின் மரைதான் போகும்.

பெட்டி பிரிக்காத பழைய சரக்கு கிடைத்தால் இரும்புச் சாமான் என்றால் தைரியமாக வாங்கலாம். ஹோஸ், சீல் போன்ற ரப்பர் என்றால் வேண்டாம். பெட்டிக்குள்ளும் ரப்பருக்கு வயசாகும். ஹோஸில் தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள்.

பழைய காலிப்பர் வாங்குவதானால் முதலில் எந்த ஊர் வண்டியிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். அரிசோனா போன்ற வறண்ட இடத்துச் சாமானுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். நிப்பிள்கள் திரும்புகின்றனவா, தகட்டு ஓரத்தில் வெள்ளைப் பொடி இருக்கிறதா, பிஸ்டனின் பளபளப்பில் புள்ளிப் புள்ளியாக அரிப்பு உண்டா என்று அருகில் எடுத்த படம் கேளுங்கள். படம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். வந்த காலிப்பரை அப்படியே மாட்டாமல் பிஸ்டனை வெளியே எடுத்து சீல் மாற்றிவிட்டே மாட்டுங்கள். காற்றழுத்தத்தில் தள்ளும்போது எதிரே ஒரு மரத்துண்டு வையுங்கள், விரலை வைக்காதீர்கள். பிஸ்டன் துப்பாக்கிக் குண்டாக வரும்.

பிரேக் ஆயில் டாட் 4 தரம் போதும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது என்று தரம் சொல்கிறது. ஈரம் குடித்த பிறகு அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். எல்லாம் மாட்டிய பின், எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பெடல் கெட்டியாகும்வரை பம்ப் செய்யுங்கள். முதல் ஓட்டம் ஆளில்லாத ரோட்டில், நடை வேகத்தில், ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தபடி.